ஜெசிந்தா சொன்ன கூடாரம்

ஜனவரி 18, ஞாயிறு

சுபிக்ஷாவுக்கு வெள்ளிக்கிழமை சாரணியர் முகாம். மூன்று நாள், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில். இன்றைக்கே பையைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டேன். டார்ச், தட்டு, டம்ளர், போர்வை, ஊக்கு, சணல் கயிறு, தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் பாய். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்குத் தன் பையைக் கட்டத் தெரியாதா என்றால், தெரியும். நான் கட்டினால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

"ஏம்மா, இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. அதுக்குள்ள என் போர்வைய உள்ள வச்சுட்டிய. இன்னைக்கு நான் எதப் போத்த?" என்றாள்.

"பனியில நடுங்கு. பழகிக்கோ."

அவள் அப்பா கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிய கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு போறது? அவளா, நீயா?" என்றார். இந்த மனிதர் வாய் திறப்பதே ஒரு நாளைக்கு நாலு தடவைதான். அதில் ஒன்றை இப்படிச் செலவழிப்பார்.

சாப்பாட்டின்போது என் முகாம் கதையைச் சொன்னேன். இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்பதாம் வகுப்பு, தை மாசம், கித்தான் கூடாரம், நானும் என் சிநேகிதி ஜெசிந்தாவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தது, அவள் போர்வைக்குள் தவளை புகுந்தது, அவள் போட்ட சத்தத்தில் கேப்டன் டீச்சர் விசிலோடு ஓடி வந்தது. தவளை வருவதற்கு முன்பே சுபிக்ஷா சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். இன்றும் சிரித்தாள்.

இதை அவளுடைய பழைய கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முகாமுக்குப் போகிறவர்கள் தினமும் பதிவேடு எழுத வேண்டுமாம். அவள் எங்கே எழுதப் போகிறாள்! வீட்டில் யாராவது ஒருத்தியாவது எழுதட்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவளிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

மைதானத்தில் ஒரு கூடாரம் நட்டிருந்தார்கள், பிள்ளைகள் பழகுவதற்கு. பழைய காக்கிக் கித்தான், மூலையில் ஒட்டுப் போட்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சூடாக இருந்தது. கேப்டன் ஞானசுந்தரி டீச்சர் வந்தார். முப்பது வயசுகூட இருக்காது. கழுத்தில் ஸ்கார்ஃபும் கையில் சுத்தியலுமாக நின்றார்.

"உள்ள போய்ப் பாருங்கம்மா. நீங்களும் பழைய சாரணியர்னு சுபிக்ஷா சொல்லுவா."

"இல்ல டீச்சர், கிரைண்டர்ல மாவு ஓடுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் விற்கிற மாவை அரைப்பது சாயங்காலம். காலை பதினோரு மணிக்கு எந்தக் கிரைண்டர் ஓடும்? ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

சுபிக்ஷாவுக்கு இன்று தேதி வந்துவிட்டது. வாசலருகே இருந்த பையைப் பார்த்தேன்.

"அப்போ நாளைக்கு?" என்றேன்.

"நாளைக்கு என்ன?"

"கேம்ப்புட்டி."

"போறேன். இதுக்கு என்ன இப்போ?" அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட் பேடு எடுத்துப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் திணித்தாள். ஜிப்பை இழுத்தாள். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு அதற்கப்புறம் நாள் முழுக்க யார் மேலோ கோபம். உளுந்தைக் களையும்போது பாதியைக் கீழே கொட்டினேன். இவரிடம் காரணமில்லாமல் கத்தினேன். அவர் பாவம், தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஜனவரி 23, வெள்ளி

போய்விட்டாள். பஸ்ஸில் ஏறி கையைக்கூட ஆட்டவில்லை, கழுதை.

ஜனவரி 24, சனி

மாடியில் வற்றல் காயப் போட்டேன். காக்காய்க்குக் காவல் இருக்க வேண்டும். துணிக்கொடியில் போர்வையைப் போட்டு, இரண்டு ஓரத்தையும் செங்கல் வைத்து இழுத்து நிறுத்தினால் உட்கார நிழல் கிடைக்கும் என்று தோன்றியது. செய்தேன். உள்ளே உட்கார்ந்தால் போர்வைப் பூவெல்லாம் என் கைமேல் விழுந்தது. காற்றடித்தபோது ஒரு பக்கம் உப்பி உப்பித் தாழ்ந்தது. படுத்தும் பார்த்தேன்.

இவர் பிளையர் தேடிக்கொண்டு மேலே வந்தார். "வெயிலுக்கா?" என்றார்.

"வெயிலுக்குத்தான்."

பிளையரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். காக்காய் பாதி வற்றலைத் தின்றுவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

வந்துவிட்டாள். கறுத்துப்போய், தொண்டை கட்டி, முழங்காலில் சிராய்ப்போடு. என்னம்மா நடந்தது, என்ன சமைத்தீர்கள், ராத்திரி குளிர்ந்ததா என்று நான் கேட்கக் கேட்க, "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். இருபத்தெட்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்ததற்கு இரண்டே சொல்லில் பதில்!

சட்டையில் விறகுப் புகை வாசம். வாளியில் போட்டவள் திரும்ப எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தேன். நாளைக்குத் துவைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 27, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக்குள் பதிவேட்டைக் கொடுக்க வேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் மாநில விருதுக்குப் பேர் அனுப்புவார்கள். இவளுக்கோ நாளையிலிருந்து வேதியியல், இயற்பியல் என்று வரிசையாகப் பரீட்சை.

"அம்மா, நீங்க போயிருக்கியல்லா? நீங்களே எழுதித் தாங்களேன். நான் பாத்து எழுதிக்கிடுதேன்."

பிள்ளைகளின் புராஜெக்ட்டை அம்மாமார்தான் செய்கிறோம். எரிமலை நான் செய்தேன், காற்றாலை இவர் செய்தார். இது மட்டும் என்ன?

உட்கார்ந்தேன் பாருங்கள், இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள் ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டித் தட்டித் திரும்பிப் போய்விட்டாள். சுபிக்ஷா அரைகுறையாகச் சொன்னதில் பாதி, என் மனசில் இருந்ததில் பாதி. மூன்று கல் அடுப்பு, கஞ்சி அடிப்பிடித்தது, காலையில் கொடியேற்றியபோது மூன்று விரல் வணக்கம், இடதுகையால் கை குலுக்கியது. கூடாரத்தைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். "பொழுது சாய்ந்ததும் எல்லாக் கயிறுகளையும் வீணை நரம்பு போல் இறுக்கிக் கட்டிவிட்டு, பயமில்லாமல் படுத்தோம்" என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஜனவரி 29, வியாழன்

டியூஷன் முடிந்து வந்து, தூங்கி வழிந்துகொண்டே அத்தனையையும் பார்த்து எழுதி முடித்தாள். ஒரு வரியாவது மண்டையில் ஏறியிருக்காது.

பிப்ரவரி 2, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள்.

ஞானசுந்தரி டீச்சர் மேசைமேல் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். சுபிக்ஷா ஓரத்தில் நின்றாள், முகம் சுண்டிப்போயிருந்தது. கூடாரப் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு.

"சுபிக்ஷா, சாயங்காலம் ஆனா நான் ஒவ்வொரு கூடாரமா வந்து என்ன சொன்னேன்?"

"கயித்தத் தளத்தணும்னு சொன்னீங்க டீச்சர்."

"ஏன்?"

"நூல் கயிறு பனியில நனைஞ்சா சுருங்கும். இறுக்கிக் கட்டியிருந்தா முளையைப் பிடுங்கிரும். கூடாரம் மேல விழுந்துரும்."

"அப்புறம் எப்படி இப்படி எழுதினே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த சாரணியர் கொடியைப் பார்த்தேன்.

"அம்மாதான் எழுதித் தந்தாங்க டீச்சர். அம்மா கேம்ப்புக்குப் போயிருக்காங்க. நான் படிக்காம அப்படியே எழுதிட்டேன்."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, ஒரே ஒரு ராத்திரி கூடாரத்துல படுத்தவங்ககூட இத எழுத மாட்டாங்கம்மா."

சுபிக்ஷா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு வருஷத்தில் என் பிள்ளை என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இந்தப் பதிவேடு செல்லாது. வரும் சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரி முகாம் இருக்கிறது. சுபிக்ஷா அதில் உதவியாளராக வந்து, தன் சொந்த எழுத்தில் பதிவேடு எழுதினால் பேர் அனுப்புவாராம். கூட வரவேண்டிய இன்னொரு டீச்சர் பிரசவ லீவில் இருப்பதால் யாராவது ஒரு தாயார் துணைக்கு வரவேண்டுமாம். அதைச் சொல்லும்போது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நீங்க போகவே இல்லையாம்மா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட."

"அப்போ தவளை?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரி, யாரிடம் மறைக்க? எழுதிவிடுகிறேன். 1998, தை மாசம். பை கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு பஸ். முந்தின நாள் சாயங்காலம் நான் பெரிய மனுஷியானேன். முகாம் எங்கே, பை எங்கே! என் தாய்மாமா தென்னை ஓலை வெட்டி வந்து முற்றத்து மூலையில் குச்சு கட்டினார். பதினாறு நாள் அதற்குள் இருந்தேன். தனித் தட்டு, தனிப் பாய், பச்சை ஓலை வாசம். அங்கே பிள்ளைகளெல்லாம் கூடாரத்தில் படுத்திருக்கும்போது நான் இதில் படுத்திருந்தேன். குச்சு வாசலிலிருந்து பார்த்தால் கட்டின பை அப்படியே ஆணியில் தொங்குவது தெரியும்.

நாலாம் நாளிலிருந்து ஜெசிந்தா வந்தாள். தீட்டு என்று மூன்று முழம் தள்ளித்தான் உட்கார விட்டார்கள். அங்கே உட்கார்ந்து முகாமில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். தவளை, கஞ்சி, விசில், கயிற்றை இறுக்கிக் கட்டியது, எல்லாமே. தினமும் வந்து சொன்னாள். சொன்னதையே திரும்பவும் சொல்லச் சொல்வேன், சொல்வாள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் படிப்பு போதும் என்று அப்பா நிறுத்திவிட்டார். அந்தக் கோடையிலேயே ஜெசிந்தாவின் அப்பாவுக்கு வேலூருக்கு மாற்றல். எனக்கு மிஞ்சியது அவள் சொன்ன கதைதான். அதில் நான் இல்லாத இடத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 4, புதன்

பேச்சு வார்த்தை இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட அப்பாவிடம் சொல்லி அவர் என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் அவள் அறைக்குப் போய் நேற்று எழுதியதை அப்படியே வாயால் சொன்னேன். குச்சு, பை, மூன்று முழம், எல்லாம். பாடப்புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். நான் எழுந்து வரும்போது ஒன்று கேட்டாள்.

"ஜெசிந்தா ஆன்ட்டி நெசமாவே போயிருக்காங்கல்லா? அப்போ அவங்களுக்கு கயிறு விஷயம் தெரியுமே. ஏன் இறுக்கிக் கட்டணும்னு சொன்னாங்க?"

"எனக்குத்தான் மறந்திருக்கும்" என்றேன். ஆனால் மறக்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக் கயிறு இழுப்பதுபோல் நடித்துக் காட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

வகுப்புத் தாய்மாரில் யார் துணைக்குப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். எனக்குப் போக வேண்டும். எனக்குப் போக வேண்டும் என்று யாரிடம் சொல்ல? நாற்பத்திரண்டு வயசில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பேன்?

பிப்ரவரி 6, வெள்ளி

மாவு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுபிக்ஷா ஒரு தாளை என் முன்னால் நீட்டினாள். துணைக்கு வரும் பெற்றோர் பெயர் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் "சு. இசக்கியம்மாள்" என்று எழுதியிருந்தது. நல்ல அவசரம், என் அப்பா இனிஷியலைப் போடாமல் அவள் இனிஷியலையே எனக்கும் போட்டிருக்கிறாள்.

"சைன் பண்ணுங்க. இந்தத் தடவ பைய நான்தான் கட்டுவேன்" என்றாள்.

கை ஈரம் தாளில் பட்டுவிட்டது. இவர் கடையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, புது டார்ச் ஒன்றை மேசைமேல் வைத்தார். முன்னமே வாங்கி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இப்போதுதான் வந்தோம். இடுப்பு கழன்றுவிட்டது. எழுதாமல் தூங்க மாட்டேன்.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டு பேர். டீச்சர் ஒருவர், நான் ஒருத்தி, மேற்பார்வைக்கு என் மகள். முகாமில் அம்மா என்று கூப்பிடக் கூடாதாம். "மேடம், விறகு ஈரம். வேற கொண்டாங்க. மேடம், அந்தப் பிள்ளை ஷூ லேஸப் பாருங்க" என்று சாயங்காலம்வரை என்னை விரட்டியே கொன்றாள். எனக்கென்றால் சந்தோஷம் தாங்கவில்லை. கல் அடுப்புப் புகையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியதால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உப்புமா கட்டி தட்டியது. பதினெட்டும் வழித்துத் தின்றன.

கூடாரத்துக்கு முளை அடிக்க எனக்குத் தெரியவில்லை. நேராக அடித்தேன். ஒரு ஆறாம் வகுப்புக் குட்டி வந்து, "சாச்சு அடிக்கணும் மேடம்" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டது.

வெயில் இறங்கியதும் சுபிக்ஷா வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "இப்போ தளத்துங்க" என்றாள். முடிச்சில் கை வைத்தேன். விட மனசு வரவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டியது! அவிழ்ந்துவிட்டால்?

"ரெண்டு விரல் போற அளவு விடுங்கம்மா. ஒண்ணும் ஆகாது" என்று என் கைமேல் கை வைத்து இழுத்துவிட்டாள். அம்மா என்றதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கூடாரம் தொளதொளவென்று, பார்க்கச் சகிக்காமல் நின்றது.

அது இரண்டு பேர் கூடாரம். டீச்சர் பிள்ளைகளோடு படுப்பார், எனக்கு அதில் தனியாகப் படுக்கை என்று நினைத்தேன். விசில் ஊதியபின் போர்வையைத் தூக்கிக்கொண்டு சுபிக்ஷா உள்ளே வந்தாள். முதுகைக் காட்டிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தவளை வந்தா எழுப்புங்க" என்றாள். இருட்டில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். டீச்சர் வெளியிலிருந்து உஷ் என்றார்.

குளிர் மேலேயிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். தரையிலிருந்து வருகிறது. ஒரு கல் விடியும்வரை என் விலாவிலேயே இருந்தது. கித்தான் பீடி இலை வாசம் அடிக்கும் என்று ஜெசிந்தா சொல்வாள். அப்படி ஒன்றும் இல்லை, பழைய குடை வாசம்தான் அடிக்கிறது.

விடிகாலையில் வெளியே வந்தேன். புல்லெல்லாம் பனி. சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. கயிற்றைத் தொட்டேன். விறைத்து நின்றது. நாங்கள் விட்ட இரண்டு விரல் இடத்தையும் பனி இழுத்துக்கொண்டுவிட்டது. முளை ஒன்றும் அசையவில்லை. கூடாரம் நேற்றைவிட நிமிர்ந்து நின்றது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பதினாலு வயசு இசக்கியை நினைத்துத்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

சுபிக்ஷா தன் பதிவேட்டை அவளே எழுதி, அவளே என்னிடம் காட்டினாள். ஒன்பது எழுத்துப் பிழை. கை துறுதுறுத்தது, திருத்தவில்லை. கடைசி வரி இது: "எங்கள் கூடாரத்தில் முதல்முறை முகாமுக்கு வந்த ஒருவர் இருந்தார். அவருக்குக் கயிறு தளர்த்தச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார்."

பன்னிரண்டு மணிக்கு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். முகாம் பேச்சை எடுத்தால் எப்போதும் வேறு எதற்காவது தாவிவிடுவாள். இன்று தாவ விடவில்லை.

"ஏளா, நான் கூடாரத்துல படுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கல், குளிர், உப்புமா. "ஆனா நீ ஒண்ணு தப்பாச் சொல்லிட்டட்டி. கயித்தச் சாயங்காலம் தளத்திக் கட்டணுமாம்லா."

"தளத்தியா? அவுந்து விழுந்துராதா?" என்றாள். நிஜமாகவே கேட்டாள்.

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஜெசி, அந்தத் தவளை?"

அந்தப் பக்கம் யாரோ ஆஸ்பத்திரியில் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது கேட்டது.

"தவளை எங்க வீட்டு பாத்ரூம்ல வந்ததுளா" என்றாள். "காலையில பஸ் ஏற வந்தேன். நீ பெரிய மனுஷியாயிட்டன்னு அங்கதான் சொன்னாவ. எனக்குக் காய்ச்சல்னு டீச்சர்ட்ட சொல்லிட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். மூணு நாளும் சாரணியர் புஸ்தகத்த வச்சுப் படிச்சேன். நீ அந்தக் குச்சுக்குள்ள ஒக்காந்து என்ன நடந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"ஏன்ளா போகல? உனக்கு என்ன வந்துச்சு?"

"நீ இல்லாம நான் எப்படிளா போவேன்? அது ரெண்டு பேர் கூடாரம்லா" என்றாள்.

இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம், யாரோ கூப்பிட்டதும் அவள் வைத்துவிட்டாள். உளுந்து ஊறப் போட மறந்துபோனேன். இன்று யாருக்கும் மாவு கிடையாது.

மே மாசம் அவளுக்கு லீவு உண்டு. பள்ளிக்கூடத்துக் கூடாரத்தை ஒரு ராத்திரிக்கு வெளியாட்களுக்குக் கொடுப்பார்களா என்று நாளைக்குக் காலையில் ஞானசுந்தரி டீச்சரிடம் போய்க் கேட்க வேண்டும்.